கட்டிங் நோட்டு பிறந்த கதை

காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவில் செட்டிநாட்டு வீடுகளைச் சில்லறையாக வாங்கலாம். பர்மாத் தேக்கில் செய்த தூண், பெல்ஜியம் கண்ணாடி, எனாமல் தூக்குச்சட்டி, ரவிவர்மா படம், யாரோ ஒரு மாப்பிள்ளையும் பெண்ணும் விறைப்பாக நிற்கும் கல்யாணப் போட்டோ, எல்லாவற்றுக்கும் அங்கே விலை உண்டு. முன்பின் தெரியாதவர்களின் தாத்தா பாட்டியைக் கூட நகரத்து உணவகக்காரர்கள் சுவரில் மாட்ட வாங்கிப் போகிறார்கள். அந்த வீடுகளின் மேல்மச்சில் கிடந்த டிரங்குப் பெட்டிகளில் இன்னொரு சாமானும் இருந்தது. வார இதழ்களிலிருந்து கத்தரித்த படங்களும் கதைகளும் ஒட்டி, தாள் உப்பி, மூட முடியாமல் வாய் பிளந்து கிடக்கும் நோட்டு. அது இந்தத் தெருவுக்கு வருவதில்லை. வீட்டை இடிக்கிற வாரத்திலேயே பழைய பேப்பர் கடைக்கு எடைக்குப் போய்விடுகிறது.

1940களிலும் 50களிலும் பள்ளி தாண்டிப் படித்த பெண்களுக்கு இப்படி ஒரு நோட்டு அனேகமாக இருந்தது. கட்டிங் நோட்டு என்பார்கள், ஆல்பம் என்பார்கள், கான்வென்ட் படிப்பு உள்ளவர்கள் ஸ்கிராப் புக் என்பார்கள். வெள்ளைக்காரச் சீமாட்டிகளைப் பார்த்து வந்த பழக்கம் என்பது பொதுவான எண்ணம். மேல்நாட்டில் அதற்கு நீண்ட வரலாறு இருப்பது உண்மைதான். எழுத்தாளர் மார்க் ட்வைன், முன்கூட்டியே பசை தடவிய பக்கங்கள் கொண்ட நோட்டு ஒன்றைக் கண்டுபிடித்து 1873இல் அதற்குக் காப்புரிமையே வாங்கிவைத்தார். ஈரம் தொட்டால் ஒட்டிக்கொள்ளும். அமெரிக்கக் கல்லூரிப் பெண்கள் நாடக டிக்கெட், காய்ந்த பூ, விருந்துப் பட்டியல் என்று தங்கள் விடுதி வாழ்க்கையையே அதுபோன்ற நோட்டுகளில் ஒட்டிவைத்தார்கள். மிஷன் கல்லூரிகள் வழியாக அந்த வாசனை நம் பக்கமும் வீசியிருக்கும். ஆனால் செட்டிநாட்டுக்கு மட்டும் வேறொரு பூர்வீகம் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது. இங்கே அந்த நோட்டு பேரேட்டின் வயிற்றில் பிறந்தது.

நகரத்தார் என்னும் செட்டிநாட்டுச் செட்டியார்கள் வீட்டில் எழுதிவைக்காத காரியம் கிடையாது. கல்யாணம் என்றால் இசைகுடிமானம் என்ற திருமண ஒப்பந்தம் எழுத வேண்டும். பெண்ணுக்குக் கொடுத்த சீர், வெள்ளிப் பாத்திரத்திலிருந்து பித்தளைக் கரண்டி வரை, பட்டியலாக இருக்கும். மொய் எழுதிய ஏடு தலைமுறைகளுக்குப் பத்திரமாக இருக்கும்; யார் வீட்டுக்கு எவ்வளவு திருப்பிச் செய்ய வேண்டும் என்று பார்க்க அதுதான் ஆதாரம். வட்டித் தொழிலுக்காகக் கடல் கடந்து கொண்டுவிற்கப் போன இடத்திலோ கேட்கவே வேண்டாம். ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் பெட்டியடியில் உட்காரும் பையன் முதலில் கற்றுக்கொள்வது குறிப்பும் பேரேடும்தான். 1930களின் கடைசியில் கீழ்ப் பர்மாவின் முக்கியமான நெல் மாவட்டங்களில் ஏறத்தாழக் கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்திருந்தது. அவ்வளவு கடனையும் வட்டியையும் தாங்கி நின்றவை கைப்பட எழுதிய கணக்குப் புத்தகங்கள்.

அந்தப் பேரேடுகளில் பெண்களும் இருந்தார்கள், பெயராக மட்டும். சீதனமாக வந்த தொகை கடையில் வட்டிக்குப் போடப்பட்டு அவள் பெயரில் தனிக் கணக்காக வளரும். ஆச்சிமார் பணம் என்று அதற்குப் பெயர். பற்று வரவு முழுக்க அவள் பெயரில், எழுதிய கை கடை ஊழியர்களான அடுத்தாளுடையதோ மேலாளுடையதோ. எண்பது சன்னல் வைத்த வீட்டில் தன் பெயர் பொறித்த பாத்திரங்கள் பல நூறு இருந்தும், தானே பார்த்து, தானே வேண்டும் வேண்டாம் என்று முடிவுசெய்து சேர்த்தது என்று அவளிடம் என்ன இருந்திருக்கும்? இந்த நோட்டைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் அந்தக் கேள்விதான் முதலில் வருகிறது.

1942 மார்ச்சில் ரங்கூன் ஜப்பானியர் வசமானது. கப்பல் கிடைத்தவர்கள் கப்பலில், கிடைக்காதவர்கள் அரக்கான் வழியாகவும் அஸ்ஸாம் மலை வழியாகவும் நடந்தே ஊர் வந்து சேர்ந்தார்கள். நிலம் அங்கேயே நின்றுவிட்டது. செட்டிநாட்டு வீடுகளில் ஆண்கள் திடீரென்று நிறைந்தார்கள், வேலை இல்லாமல். எழுதத் தொடங்கிப் பாதியில் நின்ற பேரேடுகளும், இனி தேவைப்படாத வெற்றுப் பேரேடுகளும் அலமாரியில் தங்கின. வெளியிலோ போர்க்காலக் காகிதத் தட்டுப்பாடு. பத்திரிகைகளே பக்கங்களைக் குறைத்துக்கொண்டிருந்தன. நல்ல தடித்த தாள் வீட்டில் சும்மா கிடந்தது என்றால் அது இந்தப் பேரேட்டுத் தாள்தான். வட்டிக் கணக்கின் மேல் காந்தி படத்தை ஒட்டத் தொடங்கிய முதல் பெண் யார் என்று சொல்ல வழியில்லை. பல வீடுகளில் பல பேர் ஒரே காலத்தில் அதைச் செய்திருப்பார்கள் என்பது என் கணிப்பு.

ஒட்டுவதற்குச் சரக்கு வேண்டுமே. அது பத்து இருபது ஆண்டுகளாகவே வந்துகொண்டிருந்தது. 1926இல் பிறந்த ஆனந்த விகடனை 1928இல் எஸ்.எஸ். வாசன் வாங்கினார், சித்திரமும் சிரிப்புமாக அது வீட்டுக்குள் நுழைந்தது. 1932இல் கலைமகள், 1941இல் கல்கி, 1947இல் எஸ்.ஏ.பி. அண்ணாமலையின் குமுதம். காரைக்குடியே ஒரு பத்திரிகை ஊர். ராய. சொக்கலிங்கனார் இங்கிருந்து 'ஊழியன்' நடத்தினார். புதுமைப்பித்தன் கொஞ்ச காலம் அதில் வேலை பார்த்துவிட்டுப் போனார். சொ. முருகப்பா 'குமரன்' நடத்தினார். அவர் மணந்துகொண்ட மரகதவல்லி கைம்பெண்ணாக இருந்தவர். 1930களின் பிற்பாதியில் அந்த அம்மையாரை ஆசிரியராகக் கொண்டு 'மாதர் மறுமணம்' என்ற மாத இதழ் காரைக்குடியிலிருந்து வந்தது. கைம்பெண் மறுமணத்துக்காகவே ஒரு பத்திரிகை, அதுவும் அன்றைய செட்டிநாட்டில். வீட்டு முற்றத்தைச் சுற்றிய வளவில் எல்லோர் கண்ணும் படும்படி அதை வைத்துப் படிக்க எத்தனை பெண்களுக்குத் துணிச்சல் இருந்திருக்கும் என்று தெரியவில்லை. ஒரு பக்கத்தை மட்டும் கத்தரித்து இரண்டு கோலங்களுக்கு நடுவில் ஒட்டிவைப்பது அதைவிடச் சுலபம்.

கட்டிங் நோட்டின் சூட்சுமமே இதில்தான் இருக்கிறது. செட்டிநாட்டு வீடு பெரியது, தனிமை சிறியது. பட்டசாலையில் பெரியவர்கள், வளவில் வேலைக்காரர்கள், இரண்டாம் கட்டில் சமையல், எந்நேரமும் அயித்தைகளும் அண்ணமிண்டிகள் என்னும் அண்ணிகளும் வந்து போவார்கள். அங்கே ஒரு பெண் டைரி எழுதினால் அது மறுநாளே ஊர்ச் செய்தி. கத்தரித்து ஒட்டிய படத்துக்கு யார் அவளைக் குற்றம் சொல்ல முடியும்? அச்சிட்டவன் வேறு ஆள். அவள் ஒரு வார்த்தையும் எழுதவில்லை. எதை எடுத்தாள், எதை விட்டாள், எதன் பக்கத்தில் எதை வைத்தாள் என்பதில் அவள் மனசு இருக்கும். ஆனால் அதைப் படிக்கத் தெரிந்தவருக்குத்தான் தெரியும்.

அதே ஆண்டுகளில் பக்கத்து ஊரான கோட்டையூர் ஒரு வேலை செய்தது. 1947 ஜூலையில் சென்னையில் அன்னி பெசன்ட் நூற்றாண்டு விழா. மாகாணத்தில் கல்லூரிகள் போதவில்லை, செல்வர்கள் முன்வர வேண்டும் என்று பல்கலைக்கழகத் துணைவேந்தர் ஏ. லட்சுமணசாமி முதலியார் பேசினார். கூட்டத்தில் இருந்த கோட்டையூர்க்காரர் அழகப்ப செட்டியார் காரைக்குடியில் ஒரு கல்லூரி தொடங்குவதாக அங்கேயே அறிவித்தார். ஆகஸ்டில் கல்லூரி நடக்கத் தொடங்கிவிட்டது. அறிவிப்புக்கும் திறப்புக்கும் நடுவில் ஆறு வாரம்கூட இல்லை. இன்றைக்கு ஒரு கோப்பு மேசை மாறவே அதைவிட அதிக நாள் ஆகிறது. சென்னை வேப்பேரியில் பெண்கள் விடுதிக்கும் அவர் கொடை கொடுத்திருக்கிறார். 1948 ஜூலையில் நேரு காரைக்குடிக்கு வந்து மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்துக்கு அடிக்கல் நாட்டினார். அதற்கு 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் தந்தவரும் அழகப்பர்தான். 1953 பொங்கலன்று ராதாகிருஷ்ணன் அதைத் திறந்துவைத்தார். அன்று ராமநாதபுரம் மாவட்டத்தின் வறண்ட மூலையாக இருந்த ஊரில் ஐந்தாறு ஆண்டுக்குள் பிரதமரும் குடியரசுத் துணைத் தலைவரும் வந்து போனால், வீட்டில் கத்தரிக்கோல் சும்மா இருக்குமா?

பெண்களுக்கென்றே இருந்த கல்லூரிகளுக்கு ரயிலேற வேண்டும். சென்னையில் ராணி மேரி (1914), கிறித்தவ மகளிர் கல்லூரி (1915). திருச்சியில் ஹோலி கிராஸ் (1923). கிட்டத்தில் என்றால் மதுரையில் 1948இல் லேடி டோக் வந்தது, 1953இல் பாத்திமா. பர்மாச் சொத்து போன பிறகு, தேக்கும் நெல்லும் கைவிட்ட இடத்தில் படிப்பாவது நிற்கும் என்று நினைத்த தகப்பன்மார் சிலர் பெண்களை விடுதியில் சேர்த்தார்கள். டிரங்குப் பெட்டியோடு நோட்டும் போனது. விடுதியில் அது மாறிப்போனது. கோலமும் எம்பிராய்டரி மாதிரியும் பின்தங்க, கல்லூரி விழா அழைப்பு, நாடக நிகழ்ச்சி நிரல், டென்னிகாய்ட் அணி போட்டோ, தோழியர் கையெழுத்து எல்லாம் வந்து சேர்ந்தன. ஆட்டோகிராஃப் வாங்கும் மோகம் அப்போது உச்சத்தில் இருந்தது. காந்தியே ஒரு கையெழுத்துக்கு ஐந்து ரூபாய் வாங்கி அரிசன நிதியில் சேர்த்தார் என்றால் மற்றவர்களைச் சொல்வானேன்.

இந்தப் பெண்களுக்கு ஒரு முன்மாதிரியும் விகடனிலேயே இருந்தார். ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த திரிபுரசுந்தரி, கட்டணம் கட்ட வழியில்லாமல் வாசனிடம் போய்க் கதை எழுத வாய்ப்புக் கேட்டார். 'லட்சுமி' என்ற பெயரில் எழுதி, அந்தப் பணத்தில் படித்து டாக்டரானார். அவர் கதையில் வரும் படித்த பெண்ணின் சங்கடங்களை, படிக்கிற பெண்கள் வாரா வாரம் கத்தரித்துச் சேர்த்தார்கள்.

அந்த ஆண்டுகளின் நோட்டில் எதிர்பார்க்கக்கூடிய சிலவற்றை எளிதில் சொல்லிவிடலாம். 1947 ஆகஸ்ட் 15. 1948 ஜனவரி 30க்கு அடுத்த நாள் இதழ்கள், கறுப்புக் கட்டம் போட்டவை. 'நாம் இருவர்' படத்தில் குமாரி கமலா ஆடும் ஸ்டில். அந்தப் படத்தின் மேல் காரைக்குடிக்குத் தனி உரிமையே உண்டு. ஏ.வி. மெய்யப்ப செட்டியார் ஸ்டூடியோவைச் சென்னைக்குக் கொண்டுபோவதற்கு முன் பக்கத்துத் தேவகோட்டை ரஸ்தாவில்தான் வைத்திருந்தார். பாரதி பாட்டுக்குக் கமலா ஆடியது அங்கேதான். ரஸ்தா பக்கம் போன மாட்டுவண்டிக்காரர்கள் நட்சத்திரங்களைப் பார்த்துவிட்டு வந்து கதை சொல்லியிருப்பார்கள். சினிமா பார்க்கவே அனுமதி கேட்க வேண்டிய வீட்டுப் பெண்ணுக்குப் பாட்டுப் புத்தகமும் ஸ்டில்லும் போதுமானவை.

எல்லாவற்றையும்விட அதிகமாகச் சேர்ந்தவை தொடர்கதைகள். 1950 அக்டோபரில் கல்கியில் 'பொன்னியின் செல்வன்' தொடங்கியது. மூன்றரை ஆண்டு ஓடியது. ஓவியர் மணியம் வாரந்தோறும் வந்தியத்தேவனையும் நந்தினியையும் குந்தவையையும் கண்முன் நிறுத்தினார். நூலாக வரும்வரை காத்திருக்கப் பொறுமை யாருக்கு இருந்தது? நூலாக வந்தாலும் வாரப் படங்கள் எல்லாம் அதில் வரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. ஆகவே வீடுகளே பதிப்பகமாயின.

அந்த வேலைக்கு ஒரு முறை இருந்தது. இதழின் நடுவில் உள்ள பின்னை நகத்தால் நிமிர்த்தி எடுக்க வேண்டும். கிழித்தால் ஓரம் போய்விடும். கதைப் பக்கங்களை உருவி, மற்றதைச் சீராக வேறு இடத்தில் வைக்க வேண்டும். ஏனென்றால் அதில் இன்னொருத்திக்கு வேண்டிய கதை இருக்கும். ஒரே தாளின் முன்பக்கம் உனக்கு, பின்பக்கம் எனக்கு என்றால் வீட்டில் ஒரு சண்டை. இருபது முப்பது வாரம் சேர்ந்ததும் பைண்டரிடம் கொடுப்பார்கள். அவர் தைத்து, அட்டை வைத்து, முதுகில் காலிகோ துணி ஒட்டி, ஓரத்தை வெட்டுவார். வெட்டும்போது மணியம் வரைந்த யானைக்குத் தும்பிக்கை நுனி போகும். அதற்கு ஒன்றும் செய்ய முடியாது. பசை என்பது மைதா காய்ச்சியது. மைதாவைப் பூச்சி தின்னும் என்று தெரிந்த பைண்டர் அதில் மயில்துத்தம் கலப்பார். வீட்டில் ஒட்டிய பெண்ணோ அடுப்படியில் சோற்றுப் பருக்கையையோ கஞ்சியையோ எடுத்திருப்பாள். அதனால்தான் பைண்டு புத்தகங்கள் பல பிழைத்திருக்க, நோட்டுகளை ராமபாணப் பூச்சி தின்று தீர்த்தது.

இரவல் கொடுப்பது தனிக் கதை. ஒரு பாகம் நான்கு தெரு சுற்றித் திரும்பி வரும்போது ஒரு அத்தியாயம் குறைந்திருக்கும், அதுவும் நந்தினி வருகிற அத்தியாயமாகப் பார்த்து.

தன்னை அறியாமல் அந்தப் பெண் சேர்த்த செல்வமும் உண்டு. கத்தரித்த கதையின் பின்பக்கம். அமிர்தாஞ்சனம், உட்வர்ட்ஸ் கிரைப் வாட்டர், மர்பி ரேடியோ விளம்பரங்கள், பாதியில் அறுந்த சினிமா விமரிசனம், ரேஷன் பற்றிய துணுக்கு. கதையை இன்று எந்தக் கடையிலும் வாங்கலாம். அந்தப் பின்பக்கத்தைத் தேடித்தான் ஆராய்ச்சியாளர்கள் அலைகிறார்கள். நோட்டில் ஒட்டியதென்றால் பின்பக்கம் பேரேட்டோடு போய்விட்டது. பைண்டு செய்ததென்றால் தப்பித்தது. அவள் வைத்த குறை ஒன்றே ஒன்று, தேதி எழுதாதது. கணக்கெழுதும் குடும்பத்தில் பிறந்தவள் அதை எப்படி மறந்தாள் என்பது எனக்கு இன்றும் வியப்பு.

இந்த வெட்டி ஒட்டும் புத்தி பெண்களோடு நிற்கவில்லை. கோட்டையூரில் 1911இல் பிறந்த ஏ.கே. செட்டியார் இளம் வயதில் ரங்கூனில் 'தனவணிகன்' இதழை நடத்தியவர். காந்தியைப் பற்றி யார் யாரோ, எங்கெங்கோ எடுத்துவைத்த படச்சுருள்களைத் தேடி உலகம் சுற்றி, துண்டுகளைச் சேர்த்து 1940இல் முழுநீள ஆவணப்படம் ஆக்கினார். 1943இல் தொடங்கிய அவருடைய 'குமரி மலர்', நாற்பது ஆண்டு, அவர் மறையும்வரை வந்தது. பழைய பத்திரிகைகள், பழைய பயணக் குறிப்புகள், மறந்துபோன கடிதங்கள் என்று தேடி எடுத்து மறுபடி அச்சிட்ட இதழ் அது. அச்சேறிய கட்டிங் நோட்டு என்றே அதைச் சொல்வேன்.

அதே கோட்டையூர்க்காரர் ரோஜா முத்தையா. சென்னையில் விளம்பரப் பலகை எழுதும் ஓவியராக இருந்தவர், மூர் மார்க்கெட்டுப் பழைய புத்தகக் கடைகளில் மனசைப் பறிகொடுத்தார். ஊர் திரும்பி, 1950 வாக்கிலிருந்து நாற்பது ஆண்டு சேர்த்தார். புத்தகங்களும் இதழ்களும் ஒருபுறம். மறுபுறம், வேறு எந்த நூலகமும் வாசலில் நிறுத்தியிருக்கக்கூடிய சரக்கு: கல்யாண அழைப்பு, நாடக நோட்டீஸ், சினிமாப் பாட்டுப் புத்தகம், கடிதம், பத்திரிகை நறுக்கு. பெண்கள் நோட்டில் ஒட்டிக்கொண்டிருந்த அதே வகைத் தாள்களை ஒரு மனிதர் வீடு நிறையச் சேர்த்தார். அவள் செய்தால் பொழுதுபோக்கு, அவர் செய்தால் ஆவணம் என்று ஊர் பேசியது நியாயமில்லை என்பேன். ஆனால் தொகுத்து, வகைப்படுத்தி, கேட்டு வந்தவருக்கு எடுத்துக் கொடுத்தவர் அவர்தான் என்பதையும் மறுக்க முடியாது. அவர் 1992இல் காலமானார். சேகரிப்பு சிதறும் நிலையில் சிகாகோ பல்கலைக்கழகம் அதை வாங்கியது, ஆனால் கப்பலேற்றவில்லை. சுமார் ஒரு லட்சம் உருப்படிகள் கோட்டையூரிலிருந்து சென்னைக்கு வந்து, 1994இல் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் ஆனது. இப்போது தரமணியில் இருக்கிறது.

ரோஜா முத்தையாவின் கோட்டையூர் வீட்டுக்கு வந்து சேராத நோட்டுகள் இன்னும் சில பெட்டிகளில் இருக்கக்கூடும். உங்கள் ஆயாவோ அப்பத்தாவோ வைத்திருந்தது கிடைத்தால், கிழிந்த ஓரத்தில் செல்லோ டேப் ஒட்டாதீர்கள். அதன் பசை சில ஆண்டுகளில் தாளைப் பழுப்பாக்கிவிடும். லேமினேட் செய்யக் கொடுக்கவே கொடுக்காதீர்கள். மணியம் படத்தை மட்டும் பிய்த்தெடுத்துச் சட்டம் போடும் ஆசை வரும், அதையும் அடக்குங்கள். படம் எதன் பக்கத்தில் இருந்தது என்பது போய்விடும். கீழே வட்டிக் கணக்குத் தெரிகிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்துக்கொண்டு, ஒரு தனித் தாளில் பென்சிலால் அவர் பெயர், ஊர், படித்த கல்லூரி, ஆண்டு எழுதி உள்ளே வையுங்கள். ஆண்டு தெரியாவிட்டால், பசை விட்டுக் கழன்ற நறுக்குகளின் பின்பக்க விளம்பரங்களைப் பார்த்து ஓரளவு கண்டுபிடித்துவிடலாம்.